பள்ளி மாடியில் சூரிய மின்னமைப்பு: மாணவர்கள் எதுவரை கை வைக்கலாம்?

கொல்லிமலைச் சாரல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல் மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். எங்கள் முன்னாள் மாணவர்கள் ஒன்றுசேர்ந்து, பள்ளியின் மொட்டை மாடியில் சுமார் 5 கிலோவாட் திறனுள்ள சூரிய மின்னமைப்பை நிறுவித் தர முன்வந்திருக்கிறார்கள். பணத்தையும் அனுமதியையும் தலைமை ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் கவனித்துக்கொள்வதால், அவற்றைப் பற்றி இங்கே கேட்கப்போவதில்லை. நன்கொடை தருபவர்கள் தெரிவித்த ஒரே விருப்பம், வேலை நடக்கும்போது மாணவர்களும் அதில் பங்கெடுக்க வேண்டும் என்பதுதான். எங்கள் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளில் ‘அடிப்படை மின் பொறியியல்’ தொழிற்கல்விப் பிரிவும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் இப்போதே கூரைக்கு ஏறத் தயாராக நிற்கிறார்கள். தலைமை ஆசிரியரோ, மாடிக் கதவின் சாவியைத் தம் மேசை இழுப்பறையை விட்டு வெளியே எடுக்கவே அஞ்சுகிறார். இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் இப்படிப்பட்ட வேலையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கிச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஈரோடு மின்பணி

அம்மா, நான் உரிமம் பெற்ற மின்பணி ஒப்பந்தக்காரன். வீடு, ஆலை, கல்லூரி என்று பல இடங்களில் சோலார் அமைத்திருக்கிறேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்: பேனலைத் தூக்குவது, மாடி விளிம்பில் சட்டம் பொருத்துவது, டி.சி. (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) ஒயரை இணைப்பது ஆகிய மூன்றிலும் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள்.

காரணம் இருக்கிறது. இப்போது சந்தையில் கிடைக்கும் 540 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 28 கிலோ எடை இருக்கும். நீளம் இரண்டேகால் மீட்டருக்கு மேல், அகலம் ஒரு மீட்டருக்கு மேல். காற்றடிக்கும் மாடியில் இருவர் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பதே பழக்கம் வேண்டிய வேலை. அடுத்து, மின்னழுத்தம். ஒரு பேனலின் முனைகளில் வெயிலில் ஏறத்தாழ 50 வோல்ட் இருக்கும். உங்கள் அளவுக்குப் பத்துப் பேனல் தேவைப்படும். பத்தையும் ஒரே வரிசையாகத் தொடர் இணைப்பில் கோத்தால் கடைசி இரு முனைகளுக்கு இடையே சுமார் 500 வோல்ட் டி.சி. நிற்கும். வீட்டு மின்சாரம் என்றால் மெயினை அணைத்துவிட்டு வேலை பார்க்கலாம். பேனலுக்கு மெயின் கிடையாது. வெயில் பட்டுக்கொண்டிருக்கும் வரை அதன் முனையில் மின்னழுத்தம் இருந்தே தீரும். தார்ப்பாய் போட்டு மூடினால்தான் அடங்கும்.

ஏ.சி.யில், அதாவது திசை மாறி மாறி ஓடும் வீட்டு மின்சாரத்தில், மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைக் கடந்து போவதால், இணைப்பைப் பிரிக்கும்போது எழும் பொறி தானாகவே அணைந்துவிடும் வாய்ப்பு உண்டு. டி.சி.யில் அந்த இடைவெளியே கிடையாது. சுமை ஓடும்போது எவராவது கனெக்டரை இழுத்துவிட்டால் நெருப்பு வில் போல நீண்டு எரிந்துகொண்டே இருக்கும். பல ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருப்பவர்களே ஐசோலேட்டரை (இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைக்காமல் கனெக்டரைத் தொடுவதில்லை.

தொழிற்கல்வி ஆசான்

ஈரோட்டு நண்பர் சொன்ன ஆபத்துகளில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்கல்விப் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்றைக் கேட்கிறேன்: மின் பொறியியல் படிக்கும் பிள்ளையை மின்சாரத்திடம் நெருங்கவே விடாமல் படிக்க வைத்து என்ன பயன்? சான்றிதழோடு வெளியே போகிற பையன், ஒயரின் உறையைச் சீவத் தெரியாமல், முதல் நாள் வேலையிலேயே மேஸ்திரியிடம் திட்டு வாங்குகிறான். அந்தக் குறைக்குப் பள்ளிதான் பொறுப்பு.

ராஜஸ்தானில் திலோனியா என்ற ஊரில் இயங்கும் வெறுங்கால் கல்லூரியைப் பற்றிப் பலரும் அறிந்திருப்பீர்கள். பங்கர் ராய் 1972இல் தொடங்கியது அது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள் அங்கே வந்து சில மாதங்கள் தங்கி, நிறங்களையும் வடிவங்களையும் அடையாளமாகக் கொண்டே சூரிய விளக்குகளைக் கோக்கவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டு, தத்தம் ஊர்களுக்குப் போய் வீடுகளுக்கு வெளிச்சம் ஏற்றியிருக்கிறார்கள். அந்தப் பாட்டிமார்களால் முடிந்தது, ஓம் விதியைப் படித்த பிளஸ் ஒன் மாணவியால் முடியாதா?

ஈரோடு மின்பணி

முடியும் ஐயா. ஆனால் திலோனியாவில் அவர்கள் கோத்தது சிறிய, தாழ்மின்னழுத்த வீட்டு அமைப்புகள். 12 வோல்ட்டைக் கையால் தொட்டால் உடம்புக்குத் தெரியக்கூட தெரியாது. 500 வோல்ட் இரண்டாவது வாய்ப்பைத் தராது. சூரிய மின்சாரம் என்று ஒரே பெயரில் அழைத்தாலும், பாதுகாப்பைப் பொறுத்தவரை இரண்டும் வெவ்வேறு வேலைகள்.

சட்டப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்ட பிறகு, 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவது தடை செய்யப்பட்டிருக்கிறது. பள்ளியில் கற்பதற்காகச் செய்வது வேலையாகாது என்று வாதிடலாம். ஆனால் ஒப்பந்தக்காரனாகிய நான் கூலி வாங்கிக்கொண்டு செய்யும் பணியிடத்தில் பள்ளிப் பிள்ளை ஒருவன் கால் தவறி விழுந்தால், அந்த வாதத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

காவிரிக் கரை

என் மகள் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். பெற்றோர் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மாணவர்கள் மூவர் இறந்த பிறகு, பள்ளிக் கட்டடம் என்றாலே எங்களுக்கு நெஞ்சு பதறுகிறது. மாணவர்கள் ஏறலாமா என்று கேட்பதற்கு முன்னால், அந்த மாடி பேனலைத் தாங்குமா என்பதை எவராவது எழுத்தில் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கூடவே இன்னொன்று: பங்கெடுப்பு என்ற பெயரில் பிள்ளைகளைச் செங்கல் சுமக்கவும் குழி தோண்டவும் விட்டுவிட்டு, நிழற்படம் எடுத்துப் போடுவதைப் பல இடங்களில் பார்த்துவிட்டோம். அதைக் கல்வி என்று சொல்லாதீர்கள்.

செங்கல் சூளை

கட்டடத் துறைக்காரன் என்பதால் காவிரிக் கரையின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். காங்கிரீட் தளம் நல்ல நிலையில் இருந்தால் பேனலின் எடை பெரிய சிக்கலே அல்ல. சட்டத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் சதுர மீட்டருக்கு 20 கிலோவை ஒட்டித்தான் வரும். பழைய மெட்ராஸ் டெரஸ் தளமோ, ஓட்டுக் கூரையோ, ஆஸ்பெஸ்டாஸோ என்றால் அந்தப் பேச்சே வேண்டாம், வேறு கட்டடத்தைப் பாருங்கள். உண்மையான சிக்கல் காற்று. சாய்வாக நிற்கும் பேனலின் அடியில் காற்று புகுந்து மேல்நோக்கித் தூக்கும். 2018 நவம்பரில் கஜா புயலைக் கண்ட டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தளத்தைத் துளைத்து போல்ட் போட்டால் பிடிமானம் கிடைக்கும், மழைக்காலத்தில் கசிவும் கிடைக்கும். காங்கிரீட் கட்டைகளை வார்த்து அவற்றின் மேல் சட்டத்தை நிறுத்துவது பள்ளிக்கு ஏற்றது. கட்டைகள் எத்தனை, என்ன எடை என்பதைப் பொறியாளர் கணக்கிட்டுக் கையெழுத்திட வேண்டும். பொதுப்பணித் துறைப் பொறியாளரின் சான்று இல்லாமல் ஒரு போல்ட்டும் மாடிக்கு ஏறக்கூடாது.

கொல்லிமலைச் சாரல்

கட்டடம் காங்கிரீட் தளம்தான், சான்றுக்கு எழுதியிருக்கிறோம். செங்கல் சூளை அவர்களுக்கு நன்றி.

ஈரோட்டு அண்ணன் சொன்னதைப் படித்த பிறகு, மேலே ஏறுவது பற்றிய ஆசையை மாணவர்களிடமே பேசிக் குறைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அப்படிச் செய்தால் அவர்களுக்கு மிச்சம் இருப்பது என்ன? கீழே நின்று வேடிக்கை பார்ப்பதும், திறப்பு விழாவில் வரவேற்புப் பாட்டுப் பாடுவதும்தானா?

நிழல்மானி

டீச்சர், மிச்சம் இருப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. பேனலைச் சட்டத்தில் பொருத்தி முறுக்குவது ஓரிரு நாள் கூத்து. எங்கே வைப்பது, எத்தனை வைப்பது, எந்தச் சாய்வில் வைப்பது, பள்ளிக்கு எவ்வளவு தேவை, வைத்த பிறகு சரியாக ஓடுகிறதா என்பவையெல்லாம் தரையிலிருந்தே முடிவாகின்றன. இவற்றை அவசரமாகச் செய்ததால்தான் பல பள்ளிக் கூரைகளில் பேனல்கள் பாதி நாள் நிழலில் நிற்கின்றன.

நிழலிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஊர் ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. பாடப் புத்தகத்தை மேலோட்டமாகப் படித்தவர்கள் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்தே போகும் என்று நினைத்துவிடுவார்கள். உங்கள் ஊரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும். நிழலில்லா நாள் என்று அறிவியல் இயக்கத்தினர் பள்ளிகளில் கொண்டாடுவது அந்த நாளைத்தான். அதன் பிறகு ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். அதற்கடுத்த எட்டு மாதங்களுக்கு நேர்மாறு. ஆகையால் தென்புறத்துத் தண்ணீர்த் தொட்டியை மட்டும் பார்த்துவிட்டு, வடபுறத்து மரத்தை விட்டுவிடக் கூடாது.

மாணவர்களிடம் கணக்காகவே கொடுக்கலாம். மாடித் தளத்திலிருந்து 2 மீட்டர் உயரமுள்ள நீர்த்தொட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் 21 நண்பகலில் உங்கள் ஊரில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 55 பாகை உயரத்தில் இருக்கும். தொட்டியின் நிழல் வடக்கே 1.4 மீட்டர் வரை போகும். அன்றே காலை 9 மணியளவில் சூரியன் 34 பாகையில்தான் இருக்கும் என்பதால், அதே நிழல் வடமேற்கே கிட்டத்தட்ட 3 மீட்டர் நீளும். ஜூன் 21 நண்பகலில் அரை மீட்டர்கூட இராது, அதுவும் தெற்கே. பத்தாம் வகுப்புத் திரிகோணமிதியில் வரும் உயரமும் தூரமும் பாடம்தான் இது. கலங்கரை விளக்கத்துக்கும் கப்பலுக்கும் பதிலாகத் தங்கள் பள்ளித் தொட்டியை வைத்துக் கணக்கிடுவதில் பிள்ளைகளுக்கு அலுப்பே வராது. மைதானத்தில் ஒரு மீட்டர் கழியை நட்டு, மாதம் ஒரு நாள் 9 மணி, 12 மணி, 3 மணி நிழலின் நுனியைச் சுண்ணாம்பால் குறித்துவந்தால், கணக்கு சரிதானா என்பதும் தெரிந்துவிடும்.

ஈரோடு மின்பணி

இதற்குச் செல்போனிலேயே செயலி இருக்கிறது, ஐந்து நிமிடத்தில் ஆண்டு முழுவதுக்குமான நிழலையும் காட்டிவிடும். இருந்தாலும் பிள்ளைகள் போட்டுத் தருகிற நிழல் வரைபடத்தை என் செயலியோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆவலாகத்தான் இருக்கிறேன். ஒரு குறிப்பு: ஒரே வரிசையில் கோத்த பேனல்களில் ஒன்றின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் இழப்பு அந்த மூலையின் அளவோடு நிற்காது. உள்ளே உள்ள பைபாஸ் டையோடு நிழல் விழுந்த பகுதியை விலக்கிவிட்டு மின்னோட்டத்தை மாற்று வழியில் விடும்; அப்போது அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி வரை போய்விடும். காக்கை உட்கார்ந்து எச்சமிட்டு, அது காய்ந்து கிடந்தாலும் உற்பத்தி குறையும்.

தொழிற்கல்வி ஆசான்

நிழல்மானியின் யோசனை நன்று. மறுக்கவில்லை. ஆனால் அளவெடுப்பதும் கணக்குப் போடுவதும் இயற்பியல், கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். கருவி பிடிக்க வேண்டிய என் பிரிவுப் பிள்ளைகளுக்கு மறுபடியும் பென்சில்தானா? கிரிம்பிங் செய்ய (ஒயர் முனையில் உலோக ஊசியை அழுத்திப் பொருத்த), மல்ட்டிமீட்டர் பிடிக்க, எர்த் சோதிக்க அவர்களுக்கு வாய்ப்பு வேண்டும்.

ஈரோடு மின்பணி

ஐயா, அதற்கு ஒரு வழி இருக்கிறது. பெரிய அமைப்பை நானோ என்னைப் போன்ற வேறொருவரோ நிறுவட்டும். அதோடு கூட, 100 வாட் பேனல் ஒன்று, 12 வோல்ட் 40 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, பேட்டரியில் அளவுக்கு மேல் மின்சாரம் ஏறாமல் காக்கும் ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், 10 வாட் எல்.ஈ.டி. விளக்குகள் நான்கு ஆகியவற்றை வாங்கிக் கொடுங்கள். மிதிவண்டி நிறுத்தும் கொட்டகைக்கு விளக்குப் போட அது போதும். நான்கு விளக்குகளும் மாலை ஐந்து மணிநேரம் எரிந்தால் 200 வாட்-மணி. பேட்டரியில் ஏறத்தாழ பாதியைத்தான் எடுக்கிறோம் என்பதால் அதற்கும் கேடில்லை. 100 வாட் பேனல் நம் ஊர் வெயிலில் அந்த அளவை எளிதாக நிரப்பிவிடும். அந்த அமைப்பை முதல் திருகு முதல் கடைசி விளக்கு வரை உங்கள் பிரிவுப் பிள்ளைகளே செய்யட்டும். மும்பை ஐ.ஐ.டி.யின் வழிகாட்டலில் காந்தி பிறந்தநாளையொட்டி மாணவர்கள் சூரியப் படிப்பு விளக்குகளைத் தாங்களே கோத்ததும் இந்த வகைதான்.

12 வோல்ட் என்று அலட்சியமாகவும் இருந்துவிடக் கூடாது. அது ஷாக் அடிக்காது. ஆனால் பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் இரும்பே பழுத்துச் சிவக்கும். கையில் இரும்புக் காப்பு, மோதிரம், கழுத்தில் சங்கிலி எதுவாக இருந்தாலும் கழற்றிவிட்டுத்தான் பேட்டரி அருகே வர வேண்டும். பேட்டரியின் நேர்முனைக்கு அடுத்து கையளவு தூரத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் போடும் வரை எதிர்முனை ஒயரைச் செருகக் கூடாது.

கிரிம்பிங் பழக விரும்பினால், மிச்சமாகும் 4 சதுர மில்லிமீட்டர் சோலார் ஒயரைக் கொண்டுவந்து தருகிறேன். உறையைச் சீவும்போது உள்ளே இருக்கும் மெல்லிய இழைகளில் ஒன்றுகூட அறுந்துவிடாமல் சீவ வேண்டும். ஊசியைச் செருகி அழுத்திய பிறகு பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும், அசையக் கூடாது. கனெக்டருக்குள் ஊசி சரியாக அமர்ந்தால் ‘டக்’ என்ற ஒலி கேட்கும். அந்த ஒலி கேட்காத இணைப்புகள்தான் பிற்காலத்தில் சூடேறி உருகுகின்றன.

தொழிற்கல்வி ஆசான்

பிள்ளைகள் இழுத்துப் பார்த்துத் தேறிய இணைப்புகளைப் பெரிய அமைப்பிலும் பயன்படுத்துவீர்களா?

ஈரோடு மின்பணி

மாட்டேன் ஐயா. அதற்கு 25 ஆண்டு பொறுப்பு என் தலையில் இருக்கிறது. பிள்ளைகள் செய்தவை கொட்டகை விளக்குக்குப் போகட்டும்.

தொழிற்கல்வி ஆசான்

நேர்மையான பதில். எனக்கு முழு உடன்பாடு இல்லை என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன். நீங்கள் ஒவ்வொன்றையும் சோதித்து ஏற்ற பிறகும் ஒதுக்கிவைத்தால், தேர்ச்சி பெற்றும் வேலை தராத கதையாகத்தான் அது முடியும்.

வடமராட்சி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், நானும் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கும் ஆசிரியர்தான். இங்கே 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற கூரைச் சூரிய மின் திட்டம் தொடங்கிய பிறகு வீட்டுக் கூரைகளில் சூரிய மின்கலங்கள் (நீங்கள் சொல்லும் பேனல்கள்) பெருகின. உங்கள் இழையில் எவரும் தொடாத ஒரு விடயத்தைக் குறிப்பிட விரும்புகிறேன். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், மின்பாவனை குறைந்திருந்தபடியால், கூரைச் சூரிய மின்னமைப்புகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு எங்கள் மின்சார சபை பாவனையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பாடசாலை என்பது விடுமுறைகளால் ஆன இடம். வெயில் உச்சத்தில் இருக்கும் மாதத்தில் வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தால், உற்பத்தியாகும் மின்சாரம் எங்கே போகும் என்பதை மாணவர்கள் முதலிலேயே யோசித்துப் பார்ப்பது நல்லது.

கொல்லிமலைச் சாரல்

வடமராட்சி ஐயா, மிக்க நன்றி. இந்தக் கோணத்தில் நாங்கள் சிந்திக்கவே இல்லை. நிழல்மானி சொன்னபடி, பிளஸ் ஒன் பிள்ளைகளை வைத்துப் பள்ளியின் மின்சுமையைக் கணக்கெடுத்தோம். வகுப்பறை வகுப்பறையாகப் போய், மின்விசிறியின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்து எழுதினார்கள். தகடு துருப்பிடித்துப் போன இடங்களில் ஒரே ஒரு விசிறியை மட்டும் ஓடவிட்டு மீட்டரின் துடிப்பை எண்ணிக் கண்டுபிடித்தார்கள். மொத்தம் 64 விசிறிகள், ஒவ்வொன்றும் 75 வாட். அவை மட்டுமே 4.8 கிலோவாட்! உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளும், தண்ணீர் மோட்டாரும், விளக்குகளும் தனி.

கணக்கை முடித்ததும் மாணவி ஒருத்தி கேட்ட கேள்விக்கு ஆசிரியர் அறையில் எவரிடமும் பதில் இல்லை. “டீச்சர், பேனலில் வருகிற மொத்த மின்சாரமும் விசிறிக்கே போய்விடுமா? அப்படியென்றால் விசிறியை மாற்றிவிட்டால் என்ன?” 30 வாட் எடுத்துக்கொள்ளும் பி.எல்.டி.சி. விசிறிகளாக 64ஐயும் மாற்றினால் சுமை 1.92 கிலோவாட்டாகச் சுருங்கிவிடுகிறது. நன்கொடையாளர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை; அவர்கள் பேனலுக்கென்று பணம் திரட்டியவர்கள்.

நிழல்மானி

அப்படியே சொல்லுங்கள், அந்த மாணவியையே சொல்லவிடுங்கள். பேனல் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, மிஞ்சும் பணத்தில் விசிறிகளில் ஒரு பகுதியை மாற்றினால் பள்ளிக்கு நிகர லாபம் கூடும். விசிறி என்பது பெயர்ப்பலகை வைக்க முடியாத நன்கொடை என்பதுதான் இதில் உள்ள ஒரே குறை.

விடுமுறைக் கணக்கையும் போட்டுவிடுவோம். நம் ஊரில் 1 கிலோவாட் பேனல், ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். பத்துப் பேனலின் 5.4 கிலோவாட்டுக்கு 21 யூனிட்டை ஒட்டி வரும். பள்ளி நடப்பது ஆண்டில் 210 நாள் அளவில்தான் என்றால், மீதி 155 நாட்களின் உற்பத்தி, அதாவது ஐந்தில் இரண்டு பங்கு, மின்வாரியக் கம்பிக்குத்தான் போகும். அதற்கு என்ன விலை கிடைக்கும் என்பதைப் பொறுத்துத்தான் முதலீடு எத்தனை ஆண்டில் திரும்பும் என்பது அமையும். வீட்டு இணைப்புக்கு உள்ள கணக்கு முறையைப் பள்ளி இணைப்புக்கும் அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள்; உங்கள் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் உங்கள் கட்டண வகைக்கு என்ன முறை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் 78,000 ரூபாய் மானியமும் வீடுகளுக்கானது. பள்ளிக்குக் கிடைக்கும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

காவிரிக் கரை

ஓர் ஐயம். பேனல் போட்டுவிட்டால் மின்வெட்டு நேரத்திலும் விசிறி ஓடும் அல்லவா? பெற்றோரிடம் அப்படித்தான் சொல்லி ஆதரவு கேட்கிறார்கள்.

ஈரோடு மின்பணி

ஓடாது. பேட்டரி இல்லாத, மின்வாரியத்தோடு இணைந்த அமைப்பில் வெளி மின்சாரம் நின்ற நொடியே, பேனலின் டி.சி.யை ஏ.சி.யாக மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். அப்படி நின்றே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் கைக்கு உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் போகும். பளீரென்று வெயிலடிக்கும் பகலில் விசிறி நின்றால் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான பதிலை நிறுவுவதற்கு முன்பே பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் அமைப்பு வேண்டும். செலவு கூடும், சில ஆண்டுகளில் பேட்டரியை மாற்றவும் வேண்டிவரும். ஆய்வகத்துக்கு ஏற்கெனவே யு.பி.எஸ். இருக்குமானால் அதுவே போதும் என்பது என் கருத்து.

கொல்லிமலைச் சாரல்

நிழல் வரைபடம் முடிந்தது. தென்கிழக்கு மூலையில் நிற்கும் வேப்பமரம் டிசம்பர், ஜனவரிக் காலைகளில் மாடியில் கால்வாசியை மறைக்கிறது. கிளைகளை வெட்டிவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னதும் பிள்ளைகள் கொதித்துவிட்டார்கள். மதிய உணவுக்கு அவர்கள் உட்காரும் இடம் அது. வரைபடத்தை விரித்து, மேற்குத் தொகுதியின் மாடியில் வைத்தால் மரத்தைத் தொட வேண்டியதே இல்லை, 15 மீட்டர் ஒயர் மட்டும் கூடுதலாகும் என்று காட்டினார்கள். தலைமை ஆசிரியரே ஒப்புக்கொண்டார்.

இதுவரை முடிவானவை: மாடி வேலையும் டி.சி. இணைப்பும் ஒப்பந்தக்காரருடையவை. அந்த நாட்களில் மாணவர்கள் குழுக் குழுவாக, கைப்பிடிச் சுவர் உள்ள படிக்கட்டு மேடையில் மட்டும் நின்று, அவர் விளக்குவதைக் கேட்டுக் குறிப்பெடுப்பார்கள். கொட்டகை விளக்கு முழுக்கத் தொழிற்கல்விப் பிரிவினருடையது. பிளஸ் டூ மாணவர்களுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு என்பதால், ஒன்பதாம் வகுப்பினரும் பிளஸ் ஒன் மாணவர்களுமே இதில் இருப்பார்கள். பேனல் எண்ணிக்கையை எட்டாகக் குறைத்து, மிஞ்சும் தொகையில் முதலில் தொடக்க வகுப்பு அறைகளின் விசிறிகளை மாற்ற நன்கொடையாளர்கள் இசைந்துவிட்டார்கள்.

தொழிற்கல்வி ஆசான்

மகிழ்ச்சி. ஒரே ஒரு வேண்டுகோள்: கருவி பிடிக்க மாணவர்கள், பதிவேடு எழுத மாணவிகள் என்று பிரித்துவிடாதீர்கள். அது தானாகவே அப்படிப் போய் நிற்கும். கவனித்துத் தடுத்தால்தான் உண்டு. எர்த் சோதனையின்போது என் பிரிவுப் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொள்ள ஈரோட்டு நண்பர் இசைய வேண்டும். டி.சி. பக்கத்துக்கு ஒன்று, ஏ.சி. பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என்று தனித்தனி எர்த் குழிகள் ஏன் என்பது புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

ஈரோடு மின்பணி

எர்த் சோதனையைப் பிள்ளைகளே செய்யட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன். மீட்டர் என்னுடையது, 5 ஓமுக்கு மேல் காட்டினால் குழியை நான் சரி செய்து தருகிறேன், பிள்ளைகள் மறுபடியும் அளந்து பார்க்கட்டும். குழி தோண்டுவது என் ஆட்களின் வேலை.

இன்வெர்ட்டரை வராந்தா நிழலில், சிறிய பிள்ளைகளுக்கு எட்டாத, ஆனால் ஒன்பதாம் வகுப்பு மாணவி நின்றபடியே திரையைப் படிக்கக்கூடிய உயரத்தில், கம்பிவலைக் கூண்டுக்குள் மாட்டுகிறேன். பேனலைக் கழுவுவதும் பிள்ளைகள் வேலை அல்ல. காவலரோ வேறு பெரியவரோ அதிகாலையில் கழுவட்டும். மதியம் கொதித்துக் கிடக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடக்கூடும். உப்பு நீர் ஆழ்துளைக் கிணறு என்றால் அந்த நீர் வேண்டாம், வெள்ளைப் படலம் தங்கிவிடும். எப்போது கழுவ வேண்டும் என்பதைப் பதிவேட்டைப் பார்த்துப் பிள்ளைகளே சொல்வார்கள்: நல்ல வெயில் நாட்களிலும் உற்பத்தி படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்தால் தூசி, ஒரே நாளில் சரிந்தால் கோளாறு, உடனே என்னை அழையுங்கள்.

நிழல்மானி

பதிவேட்டில் நாள், நேரம், யூனிட் எண் ஆகியவற்றோடு வானம் எப்படி இருந்தது என்பதற்கும், பிற்பகல் வெப்பநிலைக்கும் ஒவ்வொரு கட்டம் ஒதுக்குங்கள். மே மாத உச்சி வெயிலில் உற்பத்தி மிக அதிகமாக இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். பேனலின் திறன் 25 பாகை செல்சியஸில் அளக்கப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 விழுக்காடு குறையும். மாடியில் கலத்தின் வெப்பம் 65 பாகையைத் தொட்டால் 14 விழுக்காடு போய்விடும். தெளிந்த பிப்ரவரி நாள் ஒன்று மே மாத நாளை முந்துவதைப் பிள்ளைகள் தங்கள் எண்களிலேயே கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

கொல்லிமலைச் சாரல்

கடைசியாக ஒரு கேள்வி. கோடை விடுமுறையில் பதிவேட்டை யார் எழுதுவது? பள்ளி பூட்டியிருக்கும், பிள்ளைகளைத் தினமும் வரச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஈரோடு மின்பணி

தினமும் தேவையில்லை அம்மா. மீட்டரில் இருப்பது கூடிக்கொண்டே போகும் எண் என்பதால் இடையில் விட்டுப்போன நாட்களின் கூட்டுத்தொகை எங்கும் தொலைந்துவிடாது. கடைசி வேலை நாள் மாலையும் ஜூனில் பள்ளி திறக்கும் நாள் காலையும் கட்டாயம் குறித்துவிடுங்கள். இடையில் வாரத்துக்கு ஒரு முறை அலுவலகத்துக்கு வரும் உதவியாளர் திரையை நிழற்படம் எடுத்து உங்கள் குழுவில் போட்டால் போதும். அதில் சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள்.